சார்கிட்ட சொல்லிட்டோமே

அந்தத் தொப்பி நீல நிறம். சிலிக்கான் என்றார்கள். தொட்டால் புது ஹவாய் செருப்பின் வார் போல வழவழப்பாக இருந்தது. அதன் உடம்பு முழுக்க நரம்பு நரம்பாகக் குழாய்கள் ஓடின. பின்பக்கத்திலிருந்து ஒரு தடித்த குழாய் புறப்பட்டு, பக்கத்தில் நின்ற சின்ன ஃப்ரிட்ஜ் அளவிலான இயந்திரத்துக்குள் போனது. நர்ஸ், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் தலையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முடியைப் பின்னால் ஒதுக்கி, தொப்பியை மாட்டி, அதன்மேல் ஒரு கறுப்பு உறையை இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே பட்டையை இறுக்கினார். "மைன்ஸ்ல இறங்கப் போற மாதிரி இருக்கேனா பாப்பா?" என்று அண்ணி சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டார். இயந்திரம் ஓடித் தலை குளிரத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றி வெளுத்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகியது. "வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் கேட்டார். அண்ணி கணக்கு டீச்சர். பல்லைக் கடித்துக்கொண்டே, "பத்துக்குப் பதினொண்ணு. ஆனா கழட்டாதீங்க" என்றார்.

அந்த "கழட்டாதீங்க" என்ற சொல்லைக் காதால் கேட்டவள் நான். அதனால்தான், அண்ணி இறந்த பிறகு இந்த நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் உலவும் கதையை என்னால் சகிக்க முடியவில்லை. முடி கொட்டியதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். சிரித்த முகமாகவே இருந்தாராம். உயிர்தான் பெரிது என்று எல்லோருக்கும் புத்தி சொன்னாராம். சொன்னவர்கள் யாரும் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றவர்கள் அல்ல. அண்ணி தன் முடியைப் பற்றிக் கவலைப்பட்டார். அதைக் காப்பாற்றத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். அது போனபோது அழுதார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர்.

எங்கள் அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட். எனக்குத் திருமணம் ஆகவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை. அண்ணனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர்களுடைய ஒரே மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அண்ணி ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அங்கே பெர்மனென்ட் என்ற பேச்சே கிடையாது. வருடா வருடம் ஜூன் மாதம் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அப்படி இருந்தும் அந்த வேலைமேல் அவருக்கு இருந்த பிடிப்பு அண்ணனுக்குத் தன் வேலைமேல் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து மேலே கொண்டுவருவது அவர் வழக்கம். 2018இல் அவர் கையில் இருந்தது அப்படி மூன்று வருடம் வளர்த்த ஒரு வகுப்பு. அந்தப் பிள்ளைகளை மார்ச் மாதப் பொதுத்தேர்வு வரை தானே கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே குறி. நோய் தெரிந்த அன்றுகூட டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "மார்ச் வரைக்கும் நான் நிக்க முடியுமா சார்?" என்பது.

இடது மார்பில் கட்டி. ஆகஸ்டில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. பள்ளியில் கர்ப்பப்பை என்று சொல்லி லீவு எடுத்தார். நடுத்தர வயதுப் பெண் கர்ப்பப்பையை எடுத்தேன் என்றால் இந்த ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பாதிப் பேர் எடுத்தவர்கள், மீதிப் பேர் எடுக்கப் போகிறவர்கள். மார்பு என்று சொன்னால் வேறு மாதிரி. நகரியத்தின் அமைப்பே அப்படி. ஒரு பிளாக்கில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் காதில் விழுந்த சேதி, மதிய ஷிஃப்ட் முடிவதற்குள் இன்னொரு பிளாக்கின் காய்கறிக் கடைக்கு வந்து சேரும். பள்ளியின் தாளாளர் காதுக்கு எட்டினால், வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்பது அண்ணிக்கு நிச்சயமாகத் தெரியும். முன்பு காசநோய் வந்த ஓர் ஆசிரியைக்கு அப்படித்தான் நடந்தது.

அறுவைக்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு முறை மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டிவிடும் என்றார் டாக்டர். அண்ணி வீட்டுக்கு வந்து, நான்கைந்து நாள் செல்போனில் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டார். தலையைக் கடுமையாகக் குளிரவைத்தால் தோலில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், முடியின் வேருக்குப் போகும் மருந்தின் அளவு குறையும், முடி நிற்க வாய்ப்பு உண்டு என்று படித்தேன், உங்கள் ஆஸ்பத்திரியில் உண்டா என்று. டாக்டர் நேர்மையான மனிதர். "இருக்கும்மா. உங்க நோய்க்கும் மருந்துக்கும் போடலாம். ஆனா கேரண்டி குடுக்க மாட்டேன். சிலருக்கு நல்லா நிக்குது, சிலருக்குப் பாதி போகுது, சிலருக்கு எல்லாமே போயிடுது" என்றார். அண்ணிக்கு அது போதும். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முடி எனக்கு அழகுக்கு இல்ல பாப்பா. அது தலையில இருக்கற வரைக்கும் இது என் சேதி. நானா பார்த்து யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம். அது போயிட்டா ஊர் சேதி ஆயிடும்."

உண்மையில் அது ஒன்றும் பெரிய கூந்தல் இல்லை. முதுகில் பாதிவரை வரும் சாதாரணப் பின்னல். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி பார்க்காமலே பின்னிக்கொண்டு ஓடுவார். அதைக் காப்பாற்ற நினைக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்குள்ளேயே கேலி தொடங்கிவிட்டது. முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் பெரியக்கா போனிலேயே கேட்டார்: "உசுரு முக்கியமா, மசுரு முக்கியமாடி அவளுக்கு?" விஷயம் தெரிந்த ஒரே வெளியாளான அண்ணனின் ஷிஃப்ட் நண்பர், அண்ணியின் காதில் விழும்படியே வாசலில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார், கொஞ்சம் சிரிப்போடு. அண்ணன்கூட ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைச் சொன்னார். சொன்ன ஒவ்வொருவரும் அதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள். உயிரையும் முடியையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது அண்ணியிடம் கேட்டார்களா? அவர் மருந்து வேண்டாம் என்றாரா? ஒரு நாள் தள்ளிப் போடுங்கள் என்றாவது சொன்னாரா? மருந்தும் ஏற்றிக்கொள்கிறேன், முடியையும் காக்கப் பார்க்கிறேன் என்பது எந்த வகையில் பேராசை? மூட்டு வலிக்கு வாரா வாரம் கேரள வைத்தியரிடம் போகும் அந்த நண்பரிடம், உயிர் முக்கியமா முட்டி முக்கியமா என்று யாரும் கேட்டதில்லை.

முதல் முறை நாங்கள் மூவரும் வாடகைக் காரில் விடிவதற்குள் கிளம்பிச் சென்னை போனோம். மருந்து ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே தொப்பியை மாட்டிவிட்டார்கள். முதல் கால் மணி நேரம்தான் அந்த வலி. பிறகு தலை மரத்துப்போனது என்றார். போர்வைக்குமேல் போர்வை போர்த்தியும் உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது. மருந்து முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குமேல் குளிர வைத்தார்கள். கழற்றும்போது தொப்பியின் உள்பக்கம் முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு இழுக்கக் கூடாது என்று சொல்லி, உறைந்தது இளகும்வரை நர்ஸ் காத்திருந்தார். அவ்வளவு பொறுமையான பெண்.

அந்தப் பொறுமையான பெண்தான், கிளம்பும் நேரத்தில் எங்களைப் பார்த்து, "பேஷண்ட்கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார். நான் அண்ணியின் பக்கத்தில்தான் நின்றேன். கையில் அவருடைய பை, செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. "நான்தான்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது. கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வாங்க" என்றார். வராந்தாவில் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன். அவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அந்தப் பக்கம் வந்தார். அதன் பிறகு பேச்சு அவர்கள் இருவருக்கும் இடையில் நீண்டது.

திரும்பி வரும் வழியில் அண்ணி கேட்டார்: "என்னங்க சொன்னாங்க?" அண்ணன் உற்சாகமாகிவிட்டார். இயந்திரத்துக்குள் இருக்கும் கம்ப்ரஸர் எந்த வகை, குளிர்ந்த திரவம் எப்படித் தொப்பிக்குள் சுற்றி வருகிறது, எந்த இடத்தில் சென்சார் இருக்கிறது என்று திண்டிவனம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நம் கன்வேயர் மோட்டாரையே இப்படிக் குளிர வைக்கலாம் என்றார். "எனக்கு என்ன சொன்னாங்க?" என்று அண்ணி மறுபடி கேட்டார். "உனக்கா? சத்தா சாப்பிடச் சொன்னாங்க. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன்.

வீட்டில் பெரியக்கா காத்திருந்தார். உதவிக்கு இருப்பதற்காக அன்று காலையே பையோடு வந்துவிட்டார். கெட்ட எண்ணம் என்பதே அறியாத மனுஷி. அண்ணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் பதறிவிட்டார். "இன்னாடி இது, பொணத்தாட்டம் ஜில்லுனு கெடக்கு! ஐஸு பொட்டிக்குள்ள தலைய வுட்டுகினு வந்திருக்கா! குளுரு மண்டைக்குள்ள எறங்கிச்சின்னா ஜன்னி கண்டு போய்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தவ தலைக்கு ஊத்திக்காம வூட்டுக்குள்ள நடமாடக் கூடாது." அண்டாவில் தண்ணீர் கொதித்தது. நொச்சி இலை அதற்குள் மிதந்தது. மறுநாள் காலை நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, சூடு கை பொறுக்கும் பதத்தில் உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தார். சீயக்காய், மறுபடி வெந்நீர், பிறகு ஈரம் காய சாம்பிராணிப் புகை, கடைசியில் குளிர் ஏறாமல் இருக்க இறுக்கிப் பின்னல். வாரம் இரண்டு முறை இது நடந்தது. அண்ணிக்கும் அது இதமாகவே இருந்தது. குளிரில் விண்விண் என்று தெறித்த மண்டைக்கு வெந்நீர் விழுந்தால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது? எங்கள் பக்கத்து வீடுகளில் தலையில் குளிர் ஏறினால் இதைத்தான் செய்வார்கள். வேறு எதையும் செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் முடி உதிரத் தொடங்கியது. முதலில் சீப்பில், பிறகு தலையணையில், பிறகு விரலை விட்டால் விரலோடு. அண்ணி அதைத் தரையில் விடாமல் சேர்த்து ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். பள்ளியில் ஒரு பிள்ளை, "மிஸ், உங்க முதுகெல்லாம் முடி" என்று தட்டிவிட்டதாம். அன்று மாலை வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். குழாயைத் திறந்துவிட்டிருந்தார், சத்தம் வெளியே கேட்காமலிருக்க. கேட்டது.

இரண்டாவது முறை போனபோது அதே நர்ஸ். தலையை நனைக்கத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார்.

"என்னம்மா, எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு?"

"நேத்துதான் சிஸ்டர் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன்."

"சுடுதண்ணியிலயா?"

"ஆமா. குளிக்கக் கூடாதா?"

நர்ஸ் நிமிர்ந்து கதவோரம் பார்த்தார். "சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டோமே. எண்ணெய் வைக்கக் கூடாது, சுடுதண்ணி ஊத்தக் கூடாது, புகை போடக் கூடாது, இறுக்கிப் பின்னக் கூடாது, பல்லு அகலமான சீப்புல மெதுவா வாரணும், கொஞ்சம் கொட்டத்தான் செய்யும் பயப்படக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா சொன்னேனே!"

அண்ணன் கையில் ஃபைலும் ஃபிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் ஒரு பெல்ட் நின்றுபோனால் எந்த ரோலரில் பழுது என்று தூரத்திலிருந்து சத்தத்திலேயே சொல்லக்கூடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அன்று அவர் சொன்னது: "அது வந்து... தலைக்குக் குளிக்கறது, எண்ணெய் வெக்கறதெல்லாம் லேடீஸ் சமாச்சாரம். அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நான் பெருசா..."

அண்ணி அவரைப் பார்க்கவேயில்லை. நர்ஸிடம் சொன்னார்: "இனிமே எங்கிட்டயே சொல்லுங்க சிஸ்டர். தலை என்னுது."

எந்த நியாயத்தில் இது நடந்தது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மயக்கத்தில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. அந்தச் சிகிச்சையைத் தானே தேடிப் படித்து, தானே கேட்டு வாங்கியவர். அவருடைய தலையை எப்படிக் கழுவ வேண்டும் என்ற விஷயம் அவரைத் தாண்டி, பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணையும் தாண்டி, வாழ்நாளில் ஒரு பின்னல்கூடப் பின்னியிராத ஒரு மனிதரின் காதுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. நர்ஸுக்கு ஆணிடம் சொன்னால் பொறுப்பாகச் சொன்னதாகிவிடும். அண்ணனுக்கு, பெண்கள் தலைக்குக் குளிப்பதைப் பற்றி வீட்டில் பேசுவது கௌரவக் குறைச்சல். இருவரும் நல்லவர்கள். இருவரும் தங்கள் கடமையைச் செய்துவிட்டதாகவே நம்பினார்கள். எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். கெட்டவர்களிடம் சண்டையாவது போடலாம்.

டாக்டரிடம் அண்ணி கேட்டார். "எண்ணெயும் வெந்நீரும் இல்லைன்னாலும் கொட்டியிருக்கலாம்மா. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் அவர். அண்ணன் அந்தப் பதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது விழுப்புரத்தில் டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டி, "டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா, எப்படியும் கொட்டியிருக்கும்னு" என்றார். அண்ணி டீயை வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்தார். "கொட்டியிருக்கும்னு சொல்லல. கொட்டியிருக்கலாம்னு சொன்னாரு" என்றார். கார் கிளம்பியதும், "கம்ப்ரஸரைப் பத்தி மட்டும் எவ்ளோ ஞாபகம் உங்களுக்கு" என்றார். அதற்குமேல் அந்த மனிதரை அவர் ஒரு வார்த்தையும் குத்தவில்லை. அவர் குத்தாமல் விட்டதையெல்லாம் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.

பெரியக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கையால நானேடி கொட்ட வெச்சேன்?" அண்ணிதான் அவரைத் தேற்றினார். "உங்களுக்கு யாரும் சொல்லலக்கா. எனக்கே சொல்லல." அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்ததும் பெரியக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். "மீதியையும் மழிச்சிடலாம்டி. அம்மனுக்கு வேண்டிகினு மொட்ட போட்டுகினான்னு நான் ஊருபூரா சொல்லிக்கறேன். ஒருத்தர் வாய் தொறக்க மாட்டாங்க. உன்னைக் கையெடுத்துக் கும்புடுவாங்க." உண்மையில் அது நல்ல யோசனைதான். இந்த ஊரில் மொட்டைத் தலைக்குக் காரணம் கேட்க மாட்டார்கள், எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். வேலையும் தப்பியிருக்கும். அண்ணி ஒரு நாள் முழுக்க அதை யோசித்தார். மறுநாள் காலையில் சொன்னார்: "சாமிக்குன்னா நானா மனசோட குடுக்கணும்க்கா. எங்கிட்டேருந்து புடுங்கிகிட்டதைக் குடுத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

மீதி இரண்டு முறையும் அவர் தொப்பி போட்டுக்கொண்டார். உச்சி ஏற்கெனவே வெறுமையாகிவிட்டது, இனி எதற்கு இந்தச் சித்திரவதை என்று அண்ணன் கேட்டார். "இருக்கறதையாவது வெச்சுக்கறேன்" என்றார். மூன்றாவது முறை, அடுத்த நோயாளி காத்திருக்கிறார், நாற்காலி வேண்டும் என்று சொல்லி நேரம் முடிவதற்குமுன் தொப்பியைக் கழற்ற வந்தார்கள். "என் நேரம் முடியட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காதோரத்திலும் பிடரியிலும் முடி கடைசிவரை நின்றது. பச்சைத் தண்ணீரில், நான்தான் அலசிவிடுவேன். நின்ற அந்த முடியைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும். தொடக்கத்திலிருந்தே இப்படிச் செய்திருந்தால் என்ற எண்ணம் ஒவ்வொரு அலசலிலும் வரும்.

பள்ளிக்குத் தலையில் பருத்தித் துணி கட்டிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வரத் தொடங்கின. வந்தவர்கள் அண்ணியின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, துணியின் விளிம்பைப் பார்த்துப் பேசினார்கள். எதிர் வீட்டு அம்மா, "எங்க சின்ன மாமியாருக்கும் இதேதான். ரெண்டு வருஷம் நல்லா இருந்தாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தாளாளர் அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று கூப்பிட்டு அனுப்பினார். அந்த அறையில் நடந்ததை அண்ணி அன்றிரவே வரிக்கு வரி என்னிடம் சொன்னார்.

"கர்ப்பப்பைன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"ஆமா சார். சொன்னேன்."

"நம்பிக்கை முக்கியம் இல்லையா? சரி, விடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பப்ளிக் எக்ஸாம் நேரம். பிள்ளைங்க பயப்படுறாங்க."

"எந்தப் பிள்ளை சார்? பேரைச் சொல்லுங்க. நானே உக்காரவெச்சுப் பேசறேன்."

"பேரெல்லாம் எதுக்கு? பேரன்ட்ஸ் ஃபீல் பண்றாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

எந்தப் பிள்ளையின் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு பிள்ளை இல்லை. ஜனவரியில் அந்த வகுப்புக்கு வேறொருவர் வந்தார். மூன்று வருட உழைப்பின் கடைசி மூன்று மாதம் அண்ணியிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர் பாடம் நடத்தும் திறமையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. தலையில் முடி இல்லை, அவ்வளவுதான். முடியா பெரிது என்று அவரைக் கேட்டவர்கள் யாராவது தாளாளரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார்களா?

கணக்குத் தேர்வு நடந்த காலையில் அண்ணி சீக்கிரமே எழுந்து குளித்து, பள்ளிக்குக் கட்டும் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தேர்வு மையத்துக்கு எங்கள் சாலை வழியாகத்தான் போக வேண்டும். புழுக்கமாக இருந்ததால் தலையில் கட்டிய துணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நானும் கூட நின்றேன். சைக்கிள்கள் வந்தன. சிலர் சற்று நிறுத்தி, "மிஸ்!" என்று கத்திக் கையாட்டினார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். மூன்று வருடமும் மாலையில் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்டுப் போன பெண். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவில் முறுக்கு இருக்கும் என்று தெரிந்தவள். அண்ணி கையை உயர்த்தினார். அவள் நேராகப் பார்த்தாள், யாரோ ஒரு வயதான அம்மாவைப் பார்ப்பதுபோல. சைக்கிள் போய்விட்டது. உயர்த்திய கையை அண்ணி மெதுவாக இறக்கி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை பாப்பா, அவ பயப்படல" என்றார்.

முடி பிறகு வளர்ந்தது. சுருள் சுருளாக, பாதி வெள்ளையாக, வேறொருவருடைய தலையைப் போல. வேலை மட்டும் திரும்பி வரவில்லை. அடுத்த ஜூனில் பள்ளியிலிருந்து கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஆண்டு நோய் எலும்பில் திரும்பியது. அதன் பிறகு அதிக நாள் இல்லை. துக்கத்துக்கு வந்த தாளாளர், எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களிடம், "முடி கொட்டினப்பகூட சிரிச்சுகிட்டே வந்தாங்க. உயிர்தான் சார் முக்கியம்னு எனக்கே தைரியம் சொன்னாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து, "அப்படி அவங்க சொல்லல" என்றேன். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை. இன்றும் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த வராந்தாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நானும் பேச்சை எடுத்துக் கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர். மனைவிக்கு நோய், இனிமேல்தான் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்று, "மேடம், தலைக்குக் கூலிங் பண்றதைப் பத்தி உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. அதுக்கு வீட்ல என்னென்ன பார்த்துக்கணும்னு சொன்னீங்கன்னா, நான் போய் அவகிட்ட சொல்லிடுவேன்" என்றார். பணிவான பையன். செல்போனில் குறித்துக்கொள்ளத் தயாராக விரலை வைத்திருந்தார்.

"அவங்க எங்கே?" என்றேன்.

"வெளியிலதான் மேடம். வண்டிகிட்ட நிக்கறா. வரக் கூச்சப்படறா."

கேட்டுக்கு வெளியே, மரத்தடியில், ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் அந்த இளைஞரைத் தாண்டிப் போய் கேட்டைத் திறந்தேன். அவளிடம், "உள்ள வாம்மா, உன்கிட்ட நெறையப் பேசணும்" என்றேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் வாங்க தம்பி" என்றேன். "ஆனா நான் அவகிட்டதான் சொல்லுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கங்க."